காணாமல் போன சத்தம்

என்ஜின் சத்தமே போடவில்லை. அதுதான் பிரச்சினை.

ஒன்பது நாள் பிரித்துப் போட்டு, மறுபடி சேர்த்த என்ஜின். ஸ்டார்ட் ஆனதும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே பெருமையாக என்னைப் பார்த்தார். நான் தலையில் கை வைத்தபடி பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கார் என் மாமனாருடையது.

மூத்த மகள் வீட்டுக்கு அத்தையோடு பத்து நாள் போனவர், சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர் என்னை நம்பி ஒப்படைத்த முதல் பொருள். மகளைக் கொடுத்தபோதுகூட இவ்வளவு புத்திமதி சொல்லவில்லை.

"தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க மாப்பிள்ளை. வெளியில மட்டும் எடுக்காதீங்க."

முதல் நாளே எடுத்தேன். நூறைத் தொடுமா என்று பார்க்க ஒரு சின்ன ஆசை. தொட்டது. தொட்ட கையோடு உள்ளே 'டப்' என்று ஏதோ அறுந்தது. வண்டி அப்படியே உருண்டு போய் ஓரமாக நின்றது.

டைமிங் பெல்ட் போய்விட்டதாம். போனால் போகிறது, ரப்பர்தானே, மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். கட்டி இழுத்து வந்து திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டதே அந்த ரப்பர்தான் என்று. எட்டு வால்வில் ஐந்து வளைந்து கிடந்தன.

மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. மனுஷர் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார். சைலன்சர் குழாயைக்கூட விடாமல் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். புது வால்வுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து உட்கார வைத்தார். புது பெல்ட் மாட்டினார். இன்று காலை சாவியைத் தொடுவதற்கு முன் ஸ்பேனரைப் போட்டு, என்ஜினைக் கையாலேயே மெல்ல இரண்டு சுற்றுச் சுற்றினார். எங்கேயாவது இடிக்கிறதா என்று கைக்குத் தெரியுமாம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கேயும் இடிக்கவில்லை.

அப்புறம்தான் ஸ்டார்ட் செய்தார். பூனை தூங்குகிற மாதிரி ஓடியது.

மாமாவின் வண்டி அப்படி ஓடாது. 'டிக்கிடி டிக், டிக்கிடி டிக்' என்று ஒரு சத்தம் வரும். வீட்டுக்கு யார் வந்தாலும் பானெட் பக்கத்தில் நிறுத்தி வைத்து, "என் வண்டி பேசுது, கேக்குதா?" என்பார். கேட்கிறது என்று சொல்லாமல் யாரும் காபி குடித்ததில்லை. இன்று மாலை ஐந்து மணிக்கு வந்து இறங்குவார். செருப்பைக் கழற்றுவதற்கு முன் பானெட்டில் காதை வைப்பார். ஊமையாகிப்போன வண்டியைக் கேட்டால் ஒரே நிமிஷத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும். இனிமேல் அந்த வீட்டில் என்னை நம்பி ஒரு குடையைக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

"அண்ணே, பழைய சத்தம் வேணும்" என்றேன். கேட்கும்போதே எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

அவர் சிரிக்கவில்லை. "யாருக்குத் தெரியக் கூடாது?" என்றார்.

"மாமாவுக்கு."

தலையை ஆட்டிவிட்டு நட்டு டப்பாவை எடுத்தார். ஒவ்வொரு நட்டாகக் காதருகே குலுக்கிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். வண்டிக்கு அடியில் புகுந்து, சைலன்சர் குழாயை மூடியிருக்கும் தகரத்துக்குள் அதைச் செருகினார். ஸ்டார்ட் செய்தால், மெலிதாக ஒரு 'டிக்கிடி டிக்'. திருப்திப்படவில்லை. இன்னொரு நட்டைச் செருகினார்.

டிக்கிடி டிக், டிக்கிடி டிக்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தச் சத்தத்தை நான் அவருக்கு வாயால்கூடச் செய்து காட்டவில்லை. தொழில் தெரிந்தவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னபடி ஐந்து மணிக்கு மாமா வந்தார். பெட்டிகளை வாசலிலேயே விட்டுவிட்டுச் சாவியைக் கேட்டு வாங்கினார். ஸ்டார்ட் செய்தார். இறங்கி வந்து பானெட்டில் காதை வைத்துக் கண்ணை மூடினார்.

மூடியவர் திறக்கவே இல்லை.

"சத்தம் கொஞ்சம் கூடியிருக்கே மாப்பிள்ளை."

"பத்து நாளா ஒரே இடத்துல நின்னுச்சுல்ல மாமா..."

அவர் என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு பானெட்டை மெல்லத் தட்டிக் கொடுத்தார்.

"என்னைத் தேடியிருக்கு" என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வண்டியைத் துடைக்கத் துணி எடுக்க உள்ளே போய்விட்டார்.

அத்தை மட்டும் பையோடு வாசலில் நின்றிருந்தார். அத்தைக்குக் கார் என்றாலே பயம் என்று மாமா எல்லோரிடமும் சொல்வார். பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டுதான் வருவாராம். இப்போது தலையை லேசாகச் சாய்த்து, ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினைக் கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை நட்டு போட்டான்?" என்றார், குரலைத் தாழ்த்தி.

இரண்டு விரலைக் காட்டினேன்.

"எனக்கு ஒண்ணுதான் போட்டான்" என்று சொல்லிவிட்டு, பையை என் கையில் கொடுத்துப் படியேறினார்.