மூஞ்சி தெரியணும்

"மூஞ்சி தெளிவா தெரியணும்ண்ணே. அதுக்கு எந்த ப்ராசஸர், எந்த போர்டு வேணுமோ, பாத்துக் குடுங்க."

வீடியோக்காரன் கண்ணாடி மேஜை மேல ரெண்டு கையையும் ஊனி நின்னான். வலது கட்டை விரல் நகத்தோரம் வெள்ளையா ஏதோ அப்பியிருந்துச்சு. வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறான் போலன்னு நினைச்சுக்கிட்டாரு கடைக்காரர்.

செத்துப்போன கம்ப்யூட்டரையெல்லாம் பிழைக்க வைக்கிறதால அந்தத் தெருவுல அவருக்கு டாக்டர்னு பேரு. ரெண்டு வார்த்தை சிரிச்சுப் பேசாம யாருக்கும் பெட்டியைப் பிரிச்சுக் காட்ட மாட்டாரு.

"யாரு மூஞ்சி தம்பி? பொண்ணா, மாப்பிள்ளையா?"

"கல்யாண வீடியோதாண்ணே எடுக்கப் போனேன். ஆனா..." அவன் முடிக்கல.

"சரி விடுங்க. வீடியோ எடிட்டிங்னா ஒரே நேரத்துல பத்து வேலையை இழுத்துப் போட்டுக்கிட்டு செய்யுற ப்ராசஸரா பாக்கணும். ஆனா அதை மட்டும் பாத்தா போதாது. ப்ராசஸர் மருமக மாதிரி. மதர்போர்டு மாமியார் மாதிரி. மருமக என்னதான் கெட்டிக்காரியா இருந்தாலும் மாமியாரோட ஒத்துப்போகலைன்னா வீடு ஓடாது."

அவரே சொல்லி அவரே சிரிச்சாரு. அவன் சிரிக்கல.

"வீட்டுல இருக்குறது பழைய மெஷின்ணே. அந்த கார் வர்ற இடத்துல கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டினாலே அப்படியே நின்னு போயிடுது."

"என்ன காரு? மாப்பிள்ளை வந்து இறங்குற காரா?"

"எங்க அண்ணனை அடிச்ச காரு."

டாக்டர் கைல இருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவி மேஜைல உருண்டுச்சு.

"போன மாசம்ண்ணே. மண்டப வாசல்ல, நல்ல மழை. எனக்கு லைட்டு பிடிக்கிறது எங்க அண்ணன்தான். ஒயர் எடுத்துட்டு வர்றேன்னு ரோட்டைத் தாண்டினாரு. ஸ்டாண்டுல கேமரா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அடிச்சவன் கீழ இறங்குறான், கிட்ட வந்து குனிஞ்சு பாக்குறான். எல்லாம் நிழலாட்டம் தெரியுது. அண்ணனுக்கு அப்போ உயிர் இருந்துச்சுண்ணே. பாத்துட்டு, திரும்ப வண்டில ஏறிப் போயிட்டான்."

"போலீஸ்ல குடுக்கலையா?" உருண்ட ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கிட்டே கேட்டாரு.

"குடுத்தேன். ஒரே இருட்டா இருக்கு, ஒண்ணும் தெரியலன்னாங்க. நல்ல மெஷினா இருந்தா போதும்ண்ணே. வெளிச்சத்தைக் கூட்டி, மெதுவா ஓட்டிப் பாத்தா மூஞ்சி தெரிஞ்சுடும்."

கடைக்குப் பின்னாடி சந்துல, தார்ப்பாய் போட்டு மூடி நிக்கிற தன்னோட கார் டாக்டரோட கண்ணு முன்னாடி வந்துச்சு. உடைஞ்ச லைட்டை அவரே மாத்திட்டாரு, எந்த மெக்கானிக்கையும் கிட்ட விடல. ஆனா அன்னிக்குக் குனிஞ்சு பாத்தப்போ அந்த ஆளு இவரு சட்டை நுனியைப் பிடிச்சாரே, அந்தப் பிடி மட்டும் இன்னும் விட்ட பாடில்ல.

இவன் மெஷின் ஓடுச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுது.

அவரு எழுந்து அலமாரிக்குப் போனாரு. நல்ல ப்ராசஸரா ஒண்ணு எடுத்தாரு. அதுக்குச் சேர்ற போர்டு கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. கை அதைத் தாண்டிப் போய் பக்கத்துல இருந்ததை எடுத்துச்சு. ப்ராசஸர் உக்கார்ற குழியே அதுல வேற மாதிரி. தெரியாதவன் வெச்சு அழுத்தினா ஊசியெல்லாம் வளைஞ்சு போர்டு செத்துடும். அலறிக்கிட்டு ஓடி வருவான். வீடியோ இருக்குற டிஸ்க்கையும் கொண்டா, நானே பாக்குறேன்னு அப்போ வாங்கி வெச்சுக்கலாம். கைக்கு வந்துட்டா அது பிழைக்கிறதும் சாகுறதும் டாக்டர் பாடு.

ரெண்டு பெட்டியையும் பைல போட்டு நீட்டினாரு.

"இது ரெண்டும் ஒத்துப்போகுமாண்ணே?"

"என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க! இதுல மாமியாரும் இல்ல, மருமகளும் இல்ல. அம்மாவும் பொண்ணும் மாதிரி ஒட்டிக்கும்."

வீடியோக்காரன் பையைத் தொடல. அவரையே பாத்தான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. வேற ஏதாவது என்கிட்ட சொல்லணுமா?"

டாக்டர் வாய் என்னமோ திறந்துச்சு. அப்புறம் குனிஞ்சு டிராயர்ல இருந்து ஒரு சின்ன டியூப்பை எடுத்தாரு.

"ஒண்ணே ஒண்ணு தம்பி. ப்ராசஸர் சூடாகாம இருக்க, அது தலை மேல இந்த பேஸ்ட்டை ஒரு பொட்டு வெச்சுட்டு அப்புறமா ஃபேனை மாட்டுங்க. கைல படாம பாத்துக்கங்க. பட்டா லேசுல போகாது."

மூடியைத் திறந்து காட்டினாரு. டியூப் வாயில வெள்ளையா பிதுங்கி நின்னுச்சு.

வீடியோக்காரன் டியூப்பை வாங்கல. வலது கட்டை விரலைத் தூக்கி அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டினான். நகத்தோரம் அப்பியிருந்தது பெயின்ட் இல்ல. டாக்டர் விரல்ல தினமும் ஒட்டுற அதே வெள்ளை பேஸ்ட்.

பின் சந்துல போலீஸ் பூட்ஸ் சத்தமும், தார்ப்பாயை உருவுற சத்தமும் கேட்டுச்சு.

"வேற கடைல வாங்கி நேத்தே மாட்டிட்டேன். உன் மூஞ்சி நல்லாவே தெரியுது."