பானெட்டில் ஒரு பள்ளம்

பண்ணையாரின் அந்த ஆஸ்டின் கார் செய்த குற்றங்களை, விவசாயக் கூலிகளின் சங்கத் தலைவராக இருந்த தங்கையன் எப்போதும் வரிசை மாறாமல்தான் சொல்வார்.

முதல் குற்றம்: அது வந்தால் மாட்டுவண்டிகள் வாய்க்காலில் இறங்கி வழிவிட வேண்டும்.

இரண்டாவது: பிரசவ வலியில் துடித்த ஒருத்தியை லால்குடி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகக் கெஞ்சியபோது, "சீட்டு கறையாயிடும்" என்று பண்ணையார் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

மூன்றாவது: கூலி உயர்வு கேட்டு ரோட்டில் உட்கார்ந்த பெண்கள் மேல் அது ஏறப் பார்த்தது.

"அப்பத்தான் ஒருத்தி உலக்கையோட ஓடி வந்து பானெட்டுல போட்டா பாரு ஒரு போடு! அன்னைக்கு நின்ன வண்டி. மாட்டுக்கொட்டாயை விட்டு அப்புறம் வெளியிலயே வரல."

திருச்சி தென்னூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜோதி, காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள்.

"இப்ப வந்துடுச்சே, ஐயா."

"அதைக் கேட்கத்தான் லால்குடியிலேர்ந்து பஸ் ஏறி வந்திருக்கேன். நீ வண்டியை ஓட வை, ஓட வைக்காம போ. ஆனா அந்தப் பள்ளத்து மேல கை வெக்கக் கூடாது. அது எங்க சரித்திரம்."

"டிங்கர் வேலைக்கு நாள் குறிச்சாச்சுங்க. வண்டிக்குச் சொந்தக்காரங்க பள்ளம் வேண்டாங்கறாங்க."

"வேண்டாம்னுதான் சொல்லுவாங்க! பட்ட அவமானம் ஊருக்குத் தெரியக் கூடாதில்ல?"

"ஐயா, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அந்தச் சொந்தக்காரங்களை எனக்கு மூணு தலைமுறையாத் தெரியும்!"

பையிலிருந்து பழுப்பேறிய துண்டறிக்கை ஒன்றை எடுத்து நீட்டினார். போராட்டத்தின்போது அவரே எழுதி அச்சடித்தது. ஜோதி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள்.

"அடிச்சவங்க பேரு இதுல காணோமே?"

"பேரா முக்கியம்? அது ஒட்டுமொத்தப் பாட்டாளிப் பெண்களோட அடிம்மா."

"அப்ப உங்க பேரு மட்டும் மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு எடத்துல இருக்கு?"

தங்கையன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அது... அச்சாபீஸ்காரன் வேலை."

ஜோதி சிரித்துக்கொண்டே ஹேண்டிலை எடுத்து முன்பக்கம் சொருகினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கார் இருமியது. கரும்புகை கக்கியது. பிறகு தடதடவென்று பிடித்துக்கொண்டு ஒரே சீராக ஓட ஆரம்பித்தது.

தங்கையன் காரைச் சுற்றி வந்து பார்த்தார். எலி கூடு கட்டியிருந்த சீட்டும், துருப்பிடித்து இறுகிப்போன எஞ்சினுமாக அந்தக் கார் கிடந்த கோலம் அவருக்குத் தெரியும். சிக்கிக்கொண்ட பிஸ்டனை டீசல் ஊற்றி ஊற வைத்து ஊற வைத்தே அசைத்திருக்கிறாள். கடையில் கிடைக்காத உதிரிகளைத் திருவெறும்பூர் லேத்துப் பட்டறைகளில் கடைந்து வாங்கியிருக்கிறாள்.

"நல்ல வேலைக்காரக் கை உனக்கு" என்றார். உடனே சுதாரித்துக்கொண்டார். "அந்தக் கையால பள்ளத்தை எடுத்தா அது நாலாவது குற்றம். ஞாபகம் வெச்சுக்கோ."

ஞாயிற்றுக்கிழமை காலை, உழவர் சந்தை மைதானத்தில் பழைய கார்களின் அணிவகுப்பு. ஸ்ரீரங்கம் வரை போய்த் திரும்ப வேண்டும். தங்கையன் சட்டைக்குள் கறுப்புக் கொடியோடு வந்தார்.

வரிசையில் ஆஸ்டின் நின்றது. பானெட் வழவழவென்று இருந்தது. பள்ளம் இருந்த இடத்தில் அவர் முகம்தான் தெரிந்தது.

கொடியை உருவினார். "நாலாவது குற்றம்! யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"என்னைக் கேட்டுத்தான், தங்கையண்ணே."

குரல் காரின் பின்சீட்டிலிருந்து வந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த கிழவி ஜன்னல் வழியே கையை நீட்டினாள். அவருக்கு அந்தக் கையை அடையாளம் தெரிந்தது. உலக்கை பிடித்த கை.

"நீயா? பிள்ளையோட திருவெறும்பூர் போயிட்டேன்னு சொன்னாங்களே!"

"அவன்தான் கேட்டான், 'உனக்கு என்னம்மா வேணும்'னு. பண்ணைவீட்டுல பழைய இரும்புக்குப் போட வெச்சிருந்தாங்களாம் இதை. இது வேணும்னேன்."

"வாங்கினது சரி. நீ அடிச்ச அடியை நீயே அழிக்கலாமா?"

"பண்ணையார் வண்டின்னு அடிச்சேன். இப்ப என் வண்டி. என் வண்டியில எதுக்குண்ணே பள்ளம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தங்கையன் கறுப்புக் கொடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

ஒவ்வொரு வண்டியும் புறப்படுமுன் அதன் விவரத்தை மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தவர் ஆஸ்டினை நெருங்கினார். ஜோதி அவரிடமிருந்து மைக்கை வாங்கித் தங்கையன் கையில் வைத்தாள்.

"சரித்திரம் தெரிஞ்சவங்க நீங்கதான். சொந்தக்காரங்க பேரை நீங்களே சொல்லுங்க ஐயா."

எத்தனையோ கூட்டங்களில் அந்த மைதானத்தை அதிரவைத்தவர், கறுப்புக் கொடியைச் சட்டைக்குள் திணித்தார். அவர் நிமிர்ந்து நின்றார். அத்தனை பேரும் கேட்க, உரக்கச் சொன்னார்:

"உரிமையாளர், வேலம்மாள்!"