போதும்மா

பூங்கனியின் இடுப்பில் கட்டியிருக்கும் கருவிதான் அவளுக்குச் சிறுநீரகம். ரத்தத்தைச் சுத்தம் செய்யும். அளவுக்கு மேல் அவள் தண்ணீர் குடிக்கப் போனால் பேசித் தடுக்கும். அப்பன் குரலுக்குத்தான் பிள்ளைகள் அடங்கும் என்று நர்ஸம்மா சொன்னார். தத்தெடுத்தவன் குரலும் செல்லுமா என்று கேட்டுவிட்டு, நானே பேசிக் கொடுத்தேன்: "போதும்மா."

நான் சித்தாள் வேலைக்குப் போயிருக்கும்போதும் என் குரல் அவளோடு இருக்கிறது என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிள்ளை மெலிந்துகொண்டே போனாள். சோறு ஏன் இறங்கவில்லை என்று டாக்டர் திட்டினார். நோயின் வேலை என்றே நினைத்திருந்தோம்.

இன்றும் நான்தான் சோறு போட்டேன். எப்போதும் போல ஆசையாக, "போதுமா?" என்று கேட்டேன். அவள் உடனே கையை உதறி எழுந்தாள்.

"ஏன் கண்ணு எந்திரிச்சுட்ட?"

"நீதான போதும்மான்ன."

எழுதிப் பார்த்தால் புள்ளி வைத்த ஓர் எழுத்துதான் கூடுதல். காதுக்கு அதுவும் இல்லை.

என் மனைவி செல்லக்கிளி குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டாள். "அடப் பாவி மனுசா, தெனமும் இதைத்தானய்யா கேக்குற!"

"இன்னும் வேணுமான்னுதான் கேட்டேன் தாயி. உக்காரு, வயிறு நெறய சாப்புடு."

"இடுப்பு அப்பா திட்டுமே?"

"சோத்துக்குத் திட்டாது."

உட்கார்ந்தாள். இடது கையால் கருவியின் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அவசர அவசரமாகத் தின்றாள்.