டாக்டர் இல்லாத ஊர்

"அக்கா, சீக்கிரம் ஆஸ்பத்திரி சாவியை எடுங்க. பக்கத்தூரு டீக்கடையில மருத்துவத்துறை ஜீப்பு நிக்குதாமா. நம்ம டாக்டரு பேரைச் சொல்லி வழி கேக்கறாங்களாமா. போலி டாக்டரைப் புடிக்கத்தான் வந்திருக்கோணும்."

மூச்சிரைக்க வந்து நின்றார் கோழிப்பண்ணை மயில்சாமி. கிளினிக் சாவி எப்போதும் பக்கத்து வீட்டுக் காளியாத்தாளிடம்தான் இருக்கும். சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் டாக்டர் தீனதயாளனை இன்னும் காணோம்.

அவர் போலி என்று ஊர் எப்போதோ முடிவு கட்டிவிட்டது. காய்ச்சலுக்கு ஊசி போடமாட்டார். ஸ்கேன் எழுதமாட்டார். ஐம்பது ரூபாய்தான் வாங்குவார். நிஜ டாக்டர் எங்காவது இப்படி இருப்பாரா? ஆனாலும் நோய் குணமாகிவிடுகிறதே. அதனால் யாரும் வெளியே மூச்சு விடவில்லை.

"சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்காருங்களே?" என்றாள் காளியாத்தாள்.

"அதெல்லாம் கேட்டாப் பிரிண்ட் போட்டுக் குடுத்துருவானுங்க. மாட்டிக்கிட்டா வருசக் கணக்குல ஜெயிலுங்க்கா."

காளியாத்தாளின் காலையே எடுக்க வேண்டும் என்று டவுனில் சொன்ன சர்க்கரைப் புண்ணை, மாதக்கணக்கில் கட்டுப் போட்டுப் பாதி ஆற்றியிருந்தார் அந்த மனிதர். அவர் உள்ளே போய்விட்டால் அவள் கால் என்னாவது?

"அந்தச் சாமி கம்பி எண்ணக் கூடாது. மொதல்ல போர்டைக் கழட்டுங்க."

போர்டு இறங்கியது. சர்டிபிகேட் அவள் வீட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் போனது. மயில்சாமியின் டெம்போவிலிருந்து முட்டை அட்டைகள் வந்து கட்டில், மேஜை எல்லாவற்றையும் மூடின.

ஜீப்பிலிருந்து பைலோடு ஓர் அதிகாரி அம்மா இறங்கினார்.

"டாக்டர் தீனதயாளன் கிளினிக் இதுதானே?"

"இது முட்டை குடோனுங்க. நம்மூருல டாக்டரே இல்லீங்க" என்றார் மயில்சாமி.

"அந்த ஊசியெல்லாம்?"

"கோழிக்குத் தடுப்பூசிங்க."

"ஸ்டெதஸ்கோப்?"

"கோழிக்கும் நெஞ்சு இருக்குதுங்களே."

அதிகாரி டாக்டருக்குப் போன் போட்டார். அது அணைந்திருந்தது. அலுத்துப்போய் ஏதோ எழுதினார். மயில்சாமியும் காளியாத்தாளும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஜீப் தெருமுனை தாண்டியதும் காளியாத்தாள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கால் மணி கழித்து, ஸ்வீட் பெட்டியோடு ஓடி வந்தார் டாக்டர். "பஸ் பஞ்சர், போன்ல சார்ஜும் இல்லை. யாராவது வந்தாங்களாம்மா?"

"வந்தாங்க சாமி. இங்க டாக்டரே இல்லைன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டோம். நீங்க போலின்னு எங்க உசுரு போனாலும் சொல்லமாட்டோம்."

டாக்டர் முட்டை மேலேயே உட்காரப் போய், சுதாரித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"நான் எம்.பி.பி.எஸ். முடிச்சு இருபது வருசமாச்சும்மா. கிளினிக்கைப் பதிவு செய்யணும், வந்து பாருங்கன்னு எட்டு மாசமா அலைஞ்சு அவங்களை வரவழைச்சதே நான்தான். பதிவு இல்லாம நடத்துறேன்னு இனிமேத்தான், உங்க புண்ணியத்துல, என் மேல நெசமாவே கேஸ் வரும்."