ஜன்னலோர நாற்காலி

“கரண்ட் பில்லு பாதிக்குப் பாதி கொறஞ்சிடுச்சி யூனிஸ்” என்றபடி உள்ளே வந்தார் கிருபானந்தம். சித்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையரானவர்.

மனைவி யூனிஸ் ஜன்னலோர நாற்காலியில் பைபிளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

முப்பது வருஷமாக அவள் பின்னாலேயே போய் விளக்கை அணைத்தவர் அவர். “வெளிச்சம் இருக்கசொல்ல லைட்டு எதுக்கு? ஜன்னலாண்ட ஒக்காந்து படி” என்று ஓயாத ஏச்சு வேறு. ஆறு மாதமாக அவருக்கு அந்த வேலையே இல்லை. அவள் சுவிட்சைத் தொடுவதில்லை.

ஏசியதெல்லாம் இன்று அவர் மனதை உறுத்தியது.

“உன்ன ரொம்பதான் படுத்திட்டேன். இனிமே லைட்டு போட்டுக்கினே படி.”

“வேணாங்க, பழகிப்போச்சி.”

“இருட்டுல படிச்சிக்கினு இருந்தா கண்ணு என்னாத்துக்கு ஆவும்?”

“எல்லாம் மனப்பாடம்தானங்க.”

அவள் சொன்னதைக் காதில் வாங்காமல் அவரே சுவிட்சைத் தட்டினார். அவள் முகத்துக்கு நேரே குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தது. யூனிஸ் கண்ணைச் சிமிட்டவில்லை. சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டாள்:

“இப்ப போட்டீங்களா, அணைச்சீங்களா?”