வெள்ளை மருந்து

கருமருந்து இருந்த காலத்தில் பட்டாசு ஆலையில் மூட்டை மேலேயே சாய்ந்து கண்ணயர்வார் போர்மேன் பொன்னுலிங்கம். அதற்குப் பதிலாக வெள்ளை மருந்து வந்ததிலிருந்து வேப்பமரத்தடிதான் அவருக்கு ஆபீஸ். "பச்சப்பிள்ள மாதிரிம்மா, ஒண்ணும் செய்யாது," என்று அங்கிருந்தே கத்துவார். நேற்று சும்மா அள்ளும்போதே அது தீப்பற்றி, மருந்து அடைக்கும் ராக்காயியின் முன்கையைத் தின்றுவிட்டது. "வளையல் போட்டிருந்தா, உரசிருச்சு," என்று பொன்னுலிங்கம் முடித்துவிட்டார். ராக்காயி வளையல் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் மாரிக்கனி ஒருநாளும் பார்த்ததில்லை. இன்று அந்த மருந்தில் கொஞ்சம் அள்ளி, பிள்ளையை ஏந்துவதுபோல் உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டு மரத்தடிக்கு நடந்தாள்.

"பச்சப்பிள்ளதானே அண்ணாச்சி, கொஞ்சம் வாங்கிக்கோங்க."

பொன்னுலிங்கம் சிரித்தபடியே எழுந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருக்குப் பின்னால், மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அறை வாசல்களில் வந்து நின்ற பெண்கள் அந்தக் கைகளையே பார்த்தார்கள்.