கண்ணுக்குத் தெரியாத புள்ளி

“சுவிட்சைத் தொடச்சியா, இல்லியா?”

நிர்மலா சிஸ்டர் போட்ட சத்தத்தில் பிரசவ வார்டே திரும்பிப் பார்த்தது.

“தொடச்சனுங்க சிஸ்டர். ரெண்டு தடவை தொடச்சனுங்க” என்றாள் துப்புரவு வேலை பார்க்கும் பஞ்சவர்ணம்.

“ஹௌதா, அப்படியா? அப்ப இது என்ன, பேய் வந்து வெச்சுட்டுப் போச்சா?”

கண்ணுக்குத் தெரியாத மை அது. கட்டில் கம்பி, கதவுப் பிடி, சுவிட்சு என்று நிர்மலா காலையிலேயே யாருக்கும் தெரியாமல் விரலால் புள்ளி வைத்துவிடுவாள். ஒழுங்காகத் துடைத்தால் போய்விடும். துடைக்காவிட்டால் யுவி டார்ச்சின் ஊதா வெளிச்சம் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். யாரை வேண்டுமானாலும் ஏய்க்கலாம், டார்ச்சை ஏய்க்க முடியுமா?

மண்டி மொஹல்லா சந்துக்குள் இருக்கிற நர்சிங் ஹோம். பட்டப்பகலிலும் லைட் எரிய வேண்டும். அடுத்த வார்டில் புள்ளி வைத்துவிட்டு நேராக இங்கே வந்த நிர்மலா, லைட்டை அணைத்து டார்ச்சை அடித்திருந்தாள். கட்டில், கதவு எல்லாம் சுத்தம். சுவிட்சு மட்டும் மின்னிற்று.

“பச்சப்புள்ளைங்க இருக்கற இடம்மா இது! உனக்கு இது ரெண்டாவது தடவை. இன்னொரு தடவை ஆச்சு, உங்க ஊரு ஹனூருக்கே பஸ் ஏறிடு.”

பஞ்சவர்ணத்தின் முகம் செத்துப்போயிற்று. இந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது.

“தப்புதானுங்க சிஸ்டர். மன்னிச்சுக்குங்க” என்று மறுபடி துடைத்தாள்.

‘அப்படி வா வழிக்கு’ என்று நினைத்துக்கொண்டே நிர்மலா டார்ச்சை இடது கைக்கு மாற்றினாள். வெளிச்சம் வலது கையில் விழுந்தது.

ஆள்காட்டி விரல் நுனி பளபளவென்று மின்னிற்று.

அட பாவமே! லைட்டை அணைத்த விரலாச்சே! நிர்மலாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இத்தனை பேர் முன்னால் என்ன பேச்சுப் பேசிவிட்டோம்!

பஞ்சவர்ணத்தை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

“மை என் கையிலதான் இருந்திருக்கு. உனக்குத் தெரியுமா?”

“நீங்க டார்ச் அடிக்கறப்பவே பார்த்தனுங்க.”

“அப்பவே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, பஞ்சவர்ணம்?”

பஞ்சவர்ணம் தலை நிமிரவில்லை.

“போன மாசம் என்கூட வேலை பார்த்த பசம்மாக்கா, மை உங்க கையிலதான் இருக்குன்னு சொன்னாங்க. எதுத்துப் பேசறான்னு அன்னைக்கே வேலைய விட்டு நிறுத்திட்டீங்களே.”